சிபில் 792 இருந்தும் பர்சனல் லோன் கிடைக்கவில்லை: பெங்களூரில் வங்கிகள் வேறு எதைப் பார்க்கின்றன?

ஓசூர்ரோட்டுக்காரன்:

வணக்கம். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 85,000. சிபில் ஸ்கோர் 792. 8 லட்சம் பர்சனல் லோன், 5 வருடத் தவணை என்று சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே விண்ணப்பித்தேன். "இன்டர்னல் பாலிசிப்படி இயலவில்லை" என்று ஒற்றை வரி எஸ்எம்எஸ் வந்தது. கிளையில் கேட்டால், "சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடுச்சு சார், எங்களுக்கும் காரணம் காட்டாது" என்கிறார்கள். பிறகு ஒரு லோன் ஆப் வழியாகப் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

இப்போது ஓடுவது ஒரு கார் லோன், ஈஎம்ஐ 13,800. கிரெடிட் கார்டு பில்லை மாதாமாதம் முழுதாகக் கட்டுகிறேன். எதிலும் தாமதம் கிடையாது. 750க்கு மேல் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தருவார்கள் என்று சொல்வதெல்லாம் சும்மாவா? அடுத்து வேறு வங்கியில் போடலாமா?

கடன்மேசை:

வேறு வங்கியில் போடாதீர்கள், இப்போதைக்கு. காரணம் தெரியாமல் போடும் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஒரு என்கொயரியாக, அதாவது கடன் கேட்ட பதிவாக ஏறும். ஸ்கோர் கொஞ்சம்தான் குறையும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் "கடைசி 30 நாளில் இத்தனை என்கொயரிக்கு மேல் இருந்தால் வேண்டாம்" என்று பல நிறுவனங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. அந்த விதியில் மாட்டினால் ஸ்கோர் 792 ஆனாலும் 820 ஆனாலும் ஒன்றுதான்.

300 முதல் 900 வரை போகும் அந்த எண் சொல்வது ஒரே ஒரு விஷயம்: இதுவரை வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பது. உங்கள் சம்பளம் என்னவென்று அதற்குத் தெரியாது. எந்தக் கம்பெனி, நிரந்தர வேலையா கான்ட்ராக்டா, வாடகை எவ்வளவு, எதுவும் தெரியாது. 8 லட்சத்தைத் தாங்க முடியுமா என்ற கணக்கை வங்கி தனியாகப் போடும். ஸ்கோர் உங்களை வாசல் வரை கொண்டு போய் விடும், அவ்வளவுதான்.

தனியாகப் போடும் அந்தக் கணக்குக்கு எஃப்ஓஐஆர் என்று பெயர். ஏற்கெனவே கட்டும் எல்லா ஈஎம்ஐயையும் புதுக் கடனின் ஈஎம்ஐயையும் கூட்டி, கைக்கு வரும் சம்பளத்தில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். உங்கள் சம்பள நிலையில் 50 சதவீதம்தான் பொதுவான வரம்பு. போனஸ், ரீஇம்பர்ஸ்மென்ட், வேரியபிள் பே போன்றவற்றைச் சேர்க்க மாட்டார்கள், சேர்த்தாலும் பாதியைத்தான் சேர்ப்பார்கள்.

நீங்கள் சொன்ன கார் லோன் மட்டும்தான் என்றால் 8 லட்சம் தாராளமாக உள்ளே வரும். அது வரவில்லை என்றால் நீங்கள் கணக்கில் எடுக்காத ஏதோ ஒன்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆப்பில் ஸ்கோரை மட்டும் பார்த்து மூடிவிடாமல் முழு ரிப்போர்ட்டை இறக்குங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உண்டு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுப்பது என்கொயரியாக ஏறாது. பல ஆப்கள் காட்டுவது எக்ஸ்பீரியன் ஸ்கோர், வங்கி பார்த்தது சிபிலாக இருக்கலாம். அதனால் இரண்டையாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பெட்டி இருக்கும். அங்கே "ஓனர்ஷிப்" என்ற வரியில் இன்டிவிஜுவல், ஜாயின்ட், ஆதரைஸ்ட் யூசர், கேரன்டர் என்ற நான்கில் ஒன்று போட்டிருக்கும். நண்பருக்குக் கையெழுத்துப் போட்ட ஜாமீன் எல்லாம் கேரன்டர் என்று அங்கேதான் உட்கார்ந்திருக்கும், முழுத் தொகையோடு. அதே பெட்டியில் கீழே மாத வாரியாகக் கட்டங்கள். 000 அல்லது எஸ்டிடி என்றால் தாமதமில்லை. 030 என்றால் 30 நாள் தாமதம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றால் கடன் கொடுத்தவர் அந்த மாதத் தகவலையே அனுப்பவில்லை என்று பொருள், பயப்பட வேண்டாம். எஸ்எம்ஏ, எஸ்யூபி, டிபிடி, எல்எஸ்எஸ் என்று வாராக்கடன் பக்கம் போனதைக் காட்டும் குறி எதுவும் இருந்தால் அதுதான் வில்லங்கம்.

"செட்டில்ட்" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலுவையில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்தது என்பதுதான் அதன் பொருள். முழுதாகக் கட்டி முடித்த "க்ளோஸ்ட்" என்பதும் அதுவும் ஒன்றல்ல. பயன்படுத்தாமல் போட்ட பழைய கார்டின் ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய் ஏறி, வராத பணம் என்று வங்கி எழுதிவிட்ட "ரிட்டன் ஆஃப்" ஆகிக் கிடப்பதும் உண்டு. இந்தப் பதிவுகள் குறைந்தது 7 ஆண்டுகள் இருக்கும். இதற்கிடையில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிய கடன்களால் ஸ்கோர் மேலே ஏறியிருக்கும், பதிவு மட்டும் அப்படியே நிற்கும். மெஷின் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

மடிவாளா_முருகு:

கடன்மேசை அண்ணன் சொன்னது சரி, ஆனா ரிப்போர்ட்டுக்கு வெளியே விழுற கேஸ்தான் நம்ம ஊர் ஆளுங்களுக்கு அதிகம். அதையும் பாத்துக்குங்க.

பெயர். நம்மாளுக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டு வாங்கும்போது இனிஷியலை விரிச்சு எழுதச் சொல்லுவாங்க, அதனால அப்பா பேர் லாஸ்ட் நேம்ல போய் உக்காந்துடும். ஆதார்ல "கார்த்திக் எஸ்", பான்ல "கார்த்திக் சுப்பிரமணியன்", பே ஸ்லிப்ல "எஸ் கார்த்திக்"னு மூணு பேரு. ஆன்லைன் விண்ணப்பத்துல பேரை மெஷின் ஒப்பிட்டுப் பாக்கும், பொருந்தலேன்னா கேஒய்சி மிஸ்மேட்ச்னு தள்ளிடும். மனுஷன் பாத்தா புரிஞ்சிடும், ஆனா அந்த விண்ணப்பம் மனுஷன் மேசைக்கே வராது. ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிட்டு, எச்ஆர்கிட்ட சொல்லி பே ஸ்லிப்பையும் மாத்திடுங்க. இன்னொண்ணு, அதே பேர், கிட்டத்தட்ட அதே பிறந்த தேதி உள்ள வேற ஆளோட லோன் உங்க ரிப்போர்ட்ல கலந்திருக்கலாம். தெரியாத லோன் இருந்தா முதல்ல பான் நம்பரை ஒப்பிடுங்க.

முகவரி. ஆதார் தருமபுரி முகவரில இருக்கும், குடியிருக்கிறது பிடிஎம் லேஅவுட்ல ஒரு பிஜி ஹாஸ்டல்ல. வீட்டுக்கு வெரிஃபிகேஷன் ஆள் வர்றப்போ பிஜி மேனேஜர் "அப்படி யாரும் இல்லையே"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ஃபைல் நெகட்டிவ். வாடகை ஒப்பந்தம் இ-ஸ்டாம்ப் பேப்பர்ல உங்க பேர்ல இருக்கணும், கூட தங்கி இருக்கிறவர் பேர்ல மட்டும் இருந்தா பத்தாது. சில பின்கோடுகளை வசூல் சிரமம்னு தனி லிஸ்ட்ல வெச்சிருக்கிற கம்பெனிகளும் இருக்கு. அதை உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க.

கம்பெனி. ஒவ்வொரு பேங்க்லயும் எம்ப்ளாயர் லிஸ்ட் ஒண்ணு உண்டு, கேட்டகிரி வாரியா. பெரிய ஐடி கம்பெனி மேல இருக்கும். எச்எஸ்ஆர் லேஅவுட்ல கோவொர்க்கிங் இடத்துல நடக்கிற ஸ்டார்ட்அப் லிஸ்ட்லயே இருக்காது. லிஸ்ட்ல இல்லேன்னா தொகையைக் குறைப்பாங்க, இல்ல நேரா ரிஜெக்ட். பெரிய கம்பெனி கேம்பஸ்லதான் உக்காந்து வேலை பாக்குறேன், ஆனா சம்பளம் ஸ்டாஃபிங் ஏஜென்சிலேர்ந்து வருதுன்னா, பேங்க் கணக்குல உங்க எம்ப்ளாயர் அந்த ஏஜென்சிதான். ப்ரொபேஷன்ல இருக்கிறது, நோட்டீஸ் பீரியட்ல இருக்கிறது ரெண்டுமே நேர் ரிஜெக்ட்.

பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியும் பாக்குறாங்க. பழைய கம்பெனி எக்ஸிட் தேதி போடாம விட்டிருந்தா ரெண்டு இடத்துல வேலைன்னு காட்டும். பே ஸ்லிப்ல கர்நாடகா ப்ரொபஷனல் டாக்ஸ் 200 ரூபா பிடிச்சிருக்காங்களான்னு பாக்குற அளவுக்கு நுணுக்கம். அது இல்லாத பெங்களூர் பே ஸ்லிப்னா போலியோன்னு சந்தேகம் வரும்.

கடைசியா, ஏஜென்ட் மூலமா போட்டிருந்தா அவர் ஃபார்ம்ல என்ன எழுதினார்னு ஒரு காப்பி வாங்கி வெச்சுக்குங்க. நீங்க முன்னாடி எங்கெங்க என்ன விவரம் கொடுத்தீங்கன்னு ஒப்பிட்டுப் பாக்குற ஹன்டர் மாதிரி சாஃப்ட்வேர் பேங்க்குகள்ல இருக்கு. ஒரு ஃபார்ம்ல வேலைக்குச் சேர்ந்தது 2021, இன்னொண்ணுல 2019னு இருந்தா மோசடிச் சந்தேகம்னு கொடி ஏத்திடும். அது சிபில்ல தெரியவே தெரியாது.

ஓசூர்ரோட்டுக்காரன்:

இருவருக்கும் நன்றி. ரிப்போர்ட் எடுத்துவிட்டேன். பெயர், பான் எல்லாம் சரியாகவே இருக்கிறது. கம்பெனியும் பெரியதுதான். ஆனால் ஊரில் அப்பா வீடு கட்ட வாங்கிய லோன் என் பெயரில் "ஜாயின்ட்" என்று இருக்கிறது, ஈஎம்ஐ 18,500. அதை அப்பாவின் கணக்கிலிருந்துதான் கட்டுகிறார், நான் ஒரு ரூபாயும் கட்டவில்லை. கார்டில் 60,000 பாக்கி என்று காட்டுகிறது, நான் முழுதாகக் கட்டியும். என்கொயரி பகுதியில் ஒரே தேதியில் வரிசையாக ஐந்தாறு பெயர்கள், அந்த ஆப் வேலையாகத்தான் இருக்கும். இதில் எது காரணம்?

கடன்மேசை:

ஜாயின்ட் லோன்தான். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

85,000 சம்பளத்தில் பாதி 42,500. அதில் கார் 13,800 போகிறது, ஊர் வீட்டுக் கடன் 18,500 போகிறது. கார்டு பாக்கியில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுப்பது பல வங்கிகளின் வழக்கம், 60,000க்கு அது 3,000. ஆக 35,300 ஏற்கெனவே கழிந்துவிட்டது. மிச்சம் 7,200. 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்கு ஈஎம்ஐ சுமார் 2,224. அந்த 7,200க்கு அடங்குவது மூன்றேகால் லட்சம்கூட இல்லை. நீங்கள் கேட்ட 8 லட்சத்துக்கு ஈஎம்ஐ 17,800 பக்கம். மெஷின் தள்ளியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அப்பா கட்டினாலும் சட்டப்படி இருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அதனால் பாதியைப் போடாமல் முழு ஈஎம்ஐயையும் உங்கள் தலையில் போடுவார்கள். இதற்கு ஒரு வழி உண்டு: அப்பாவின் வங்கிக் கணக்கில் கடந்த 12 மாத ஈஎம்ஐ போனதைக் காட்டும் ஸ்டேட்மென்ட், லோன் ஸ்டேட்மென்ட், அப்பாவின் வருமானச் சான்று மூன்றையும் கொடுத்து இந்தக் கடனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேட்பது. சில வங்கிகள் ஏற்கும், பல ஏற்காது. ஏற்றால் கடமை 16,800 ஆகக் குறையும், 8 லட்சம் சுலபமாக அடங்கும். ஆனால் ஆன்லைனில் போட்டால் இதைச் சொல்ல இடமே இருக்காது. கிளையில் நேராகக் கொடுத்து, கிரெடிட் பிரிவுக்கு ஒரு குறிப்போடு அனுப்பச் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே "இப்படி ஒரு ஜாயின்ட் லோன் இருக்கிறது, என் மாதக் கடமையாக எடுப்பீர்களா மாட்டீர்களா" என்று கேட்டுவிடுங்கள். மாட்டோம் என்றால் அங்கே போடவே வேண்டாம். அந்த லோனிலிருந்து உங்கள் பெயரை நீக்குவது வேறு வேலை: அப்பாவின் வருமானம் மட்டும் போதும் என்று கடன் கொடுத்த வங்கி புதிதாக ஒப்புக்கொள்ள வேண்டும், வயதும் பார்ப்பார்கள்.

இல்லையென்றால் கார் லோனை அடைத்துவிடுங்கள். பாக்கி குறைவாக இருந்தால் அதுவே லாபம், 13,800 விடுபட்டால் 8 லட்சம் உள்ளே வந்துவிடும். முன்கூட்டி அடைக்கும் கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அடைத்ததும் பாக்கி இல்லை என்ற என்ஓசி கடிதம் வாங்குங்கள். கடன் நிறுவனங்கள் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. அதனால் ரிப்போர்ட்டில் "க்ளோஸ்ட்" என்று வர ஒரு மாதம் விட்டுவைத்தால் போதும். வந்த பிறகு விண்ணப்பியுங்கள், முன்னால் போனால் பழைய ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

கார்டு விஷயம் எளிது. பில் தேதியில் நிற்கும் தொகைதான் பெரும்பாலும் அங்கே போய்ச் சேரும். நீங்கள் கட்டுவது அதற்குப் பதினைந்து இருபது நாள் கழித்து. பில் போடும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கட்டிவிட்டால் பாக்கி சொற்பமாகத் தெரியும். 3,000 மிச்சமானால் தகுதி ஒன்றேகால் லட்சத்துக்கு மேலேயே கூடும். செலவில்லாத வழி.

ஆப் வழியாக வந்த என்கொயரிகள்: நீங்கள் ரிப்போர்ட்டில் பெயர்களைப் பார்க்கிறீர்கள். வங்கிக்குப் போகும் பிரதியில் மற்றவர் பெயர் இருக்காது, தேதியும் கடன் வகையும் தொகையும் இருக்கும். ஒரே நாளில் ஆறு இடத்தில் பர்சனல் லோன் கேட்ட ஆள் என்றுதான் தெரியும். மூன்று மாதம் சும்மா இருங்கள், அதன் கனம் குறைந்துவிடும்.

அல்சூர்_ஆடிட்டர்:

கடன்மேசை ஒன்றை விட்டுவிட்டார். பேங்க் ஸ்டேட்மென்ட். பலருக்கு ஈஎம்ஐ தேதி 5. சம்பளம் மாதக் கடைசியில் வந்து, நாலாம் தேதிக்குள் வாடகை, சீட்டு, ஊருக்கு அனுப்புவது என்று காலியாகிவிடுகிறது. 5ஆம் தேதி நாச் (கணக்கிலிருந்து ஈஎம்ஐயைத் தானாக எடுக்கும் முறை) பவுன்ஸ். ஆறாம் தேதியே கட்டிவிடுகிறார்கள், அதனால் சிபிலில் ஒன்றும் ஏறாமல் தப்பிவிடும். ஆனால் கடன் கேட்கும்போது கொடுக்கும் 6 மாத ஸ்டேட்மென்டில் "நாச் ரிட்டர்ன்" என்ற வரியும் அபராதமும் பளிச்சென்று நிற்கும். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று பவுன்ஸ் இருந்தால் ஸ்கோர் எதுவானாலும் திருப்பிவிடுவார்கள். ஆன்லைன் ரம்மி, பெட்டிங் செயலிகளுக்குப் போன பணமும் அதே ஸ்டேட்மென்டில்தான் தெரியும்.

காலச் சூழலும் ஒரு காரணம். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி பர்சனல் லோன் போன்ற ஈடில்லாக் கடன்களுக்கான ரிஸ்க் வெயிட்டை 100லிருந்து 125 சதவீதமாக்கியது. அதாவது அதே கடனுக்கு வங்கி கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும். அதன் பிறகு கடன் தரும் இடங்கள் கையை இறுக்கிக்கொண்டன. முன்பு இதே ஸ்கோருக்குக் கொடுத்தார்களே என்று ஒப்பிட்டுப் பயனில்லை.

அவசரம் என்றால் மாற்று: எஃப்டி மேல் ஓவர்டிராஃப்ட், மியூச்சுவல் ஃபண்ட் மேல் கடன், நகைக் கடன். நகைக் கடனில் 2.5 லட்சத்துக்கு மேல் போனால் அங்கேயும் திருப்பிக் கட்டும் திறனை ஆராய வேண்டும் என்று 2026 ஏப்ரல் முதல் விதி. அதனால் பெரிய தொகைக்கு அதுவும் முன்போலக் கேள்வி கேட்காத கடன் அல்ல.

ராமமூர்த்திநகர்_ரா:

குறுக்கே ஒரு கேள்வி. எங்களுக்கு ஸ்கோர் 811, சம்பளமும் பிரச்சினை இல்லை. ஹொரமாவு பக்கம் ஒரு வீடு பார்த்தோம், லோன் மறுத்துவிட்டார்கள். எஃப்ஓஐஆர் எல்லாம் உள்ளேதான் வருகிறது.

அல்சூர்_ஆடிட்டர்:

உங்களை மறுத்திருக்க மாட்டார்கள், சொத்தை மறுத்திருப்பார்கள். மாநகராட்சி சொத்துப் பதிவில் அது பி காத்தாவா, அதாவது அங்கீகாரத்தில் குறையுள்ள சொத்தா என்று முதலில் பாருங்கள். விவசாய நிலத்தை மனையாக மாற்றும் டிசி கன்வர்ஷன் இல்லாத ரெவென்யூ சைட், அங்கீகாரமில்லாத லேஅவுட், கிராமப் பஞ்சாயத்து ஃபார்ம் 9, 11 மட்டும் உள்ள இடம், குடியேறலாம் என்ற ஆக்யுபன்சி சர்டிஃபிகேட் வாங்காத கட்டடம், பிளானுக்கு மேல் எழுப்பிய ஒரு மாடி, இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரும்பாலான வங்கிகள் தொடாது. இ-காத்தா (கணினிப் பதிவு) இருக்கிறது என்பதாலேயே அது ஏ காத்தா ஆகிவிடாது, பி காத்தாவுக்கும் இ-காத்தா உண்டு. பில்டர்கள் இந்த இடத்தில்தான் வார்த்தையை மழுப்புவார்கள். பி காத்தாவுக்குக் கொடுக்கும் ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டி கூடுதல், விற்கும்போது வாங்குபவருக்கும் இதே தலைவலி.

இன்னொன்று, கடன் விகிதம். 30 லட்சம் வரையிலான கடனுக்கு சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சம். அந்த மதிப்பு வங்கியின் வேல்யுவர் போடுவது, நீங்கள் பேசிய விலை அல்ல. லீகல் ரிப்போர்ட், டெக்னிக்கல் ரிப்போர்ட் இரண்டில் எதில் விழுந்தது என்று கேட்டு வாங்குங்கள். புது வங்கிக்கு ஃபீஸ் கட்டும் முன் அது தெரிய வேண்டும்.

ஓசூர்ரோட்டுக்காரன்:

வங்கி காரணமே சொல்லவில்லையே, அதைக் கேட்டு வாங்க உரிமை இருக்கிறதா?

கடன்மேசை:

இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் நியாய நடத்தை விதிப்படி, எந்தத் தொகையானாலும், கிரெடிட் கார்டு விண்ணப்பமானாலும், மறுத்ததன் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "இன்டர்னல் பாலிசி" என்பது காரணமாகாது. கிளையில் வாயால் கேட்காமல் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: விண்ணப்ப எண், தேதி, மறுத்த எஸ்எம்எஸ், "மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தரவும், நீங்கள் பெற்ற கிரெடிட் ரிப்போர்ட்டின் பிரதியையும் தரவும்". அந்தப் பிரதியைக் கேட்கும் உரிமை 2005ஆம் ஆண்டின் கிரெடிட் தகவல் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கிறது. அவர்கள் பார்த்த ரிப்போர்ட்டும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றா என்பது அதில் தெரிந்துவிடும்.

ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் அதைத் தந்த சிபில் போன்ற நிறுவனத்தின் தளத்தில் டிஸ்ப்யூட் (திருத்தக் கோரிக்கை) போடுங்கள், கடன் கொடுத்த வங்கிக்கும் சேர்த்து எழுதுங்கள். மொத்தம் 30 நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் எண்ணும் தேதியும் இல்லாமல் அதைக் கேட்க முடியாது, பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், சிஎம்எஸ் என்ற அதன் புகார் தளத்தில் இலவசம். 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம்.

ஆனால் ஒன்று: "எனக்குக் கடன் கொடுக்கச் சொல்லுங்கள்" என்று ஓம்புட்ஸ்மனிடம் கேட்டால் தள்ளுபடிதான். கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார். காரணம் சொல்லவில்லை, தவறான தகவலைத் திருத்தவில்லை என்ற இரண்டில் ஒன்றாகப் புகாரை எழுதுங்கள்.

உங்கள் விஷயத்தில் ரிப்போர்ட்டில் தவறு எதுவும் இல்லை. அதனால் டிஸ்ப்யூட் வேண்டாம். காரணக் கடிதத்தை மட்டும் கேளுங்கள், அது வருவதற்குள் அப்பாவின் 12 மாத ஸ்டேட்மென்டையும் கார் லோனின் ஃபோர்குளோஷர் கடிதத்தையும் எடுத்துவிடுங்கள். அப்பா லோனைக் கணக்கில் விடச் சொல்வது, கார் லோனை அடைப்பது இரண்டில் எது மலிவு என்று, இப்போது முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் எனச் சொல்லும் அந்த ஃபோர்குளோஷர் கடிதத்திலேயே தெரியும்.